பொம்மை விளம்பரச் சொற்கள்: எது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ மெரிபேங்கிலோ ஆயா காலத்து வீட்டைக் காலி செய்யும்போது, ஷோகேஸின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பொம்மை இறங்கி வரும். அதற்கு என்ன மதிப்பு என்று ஆன்லைனில் தேடினால் கண்ணில் படுவது இந்த மாதிரி வரிகள்தான்:

"ஏ.எம். 390, பிஸ்க் சாக்கெட் ஹெட், காம்போ பாடி, ஸ்லீப் ஐஸ், ஹேர்லைன் இல்லை, விக் மாற்றியது."

"பார்பி, 1966, என்.ஆர்.எஃப்.பி."

"பிளைத், ஓ.ஓ.ஏ.கே., ரீரூட், புது ஃபேஸ்-அப்."

முதல் விளம்பரம் நேர்மையானது, தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் உள்ள ஆண்டு பெரும்பாலும் தவறு. மூன்றாவதில் அந்தப் பொம்மையை யார் தயாரித்தார்கள் என்பதே இல்லை. சொற்கள் தெரியாதவருக்கு மூன்றும் ஒரே மாதிரி தெரியும். பணம் போவது அங்கேதான். வாங்குபவருக்கு மட்டுமல்ல, நல்ல பொம்மையைத் தெரியாமல் சில நூறு ராண்டுக்குக் கொடுத்துவிடும் குடும்பத்துக்கும்தான்.

## நான்கு கேள்விகள்

இந்தத் துறையின் சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஒவ்வொரு சொல்லும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பிரித்துக்கொண்டால் போதும். கேள்விகள் நான்கு:

1. எதனால் ஆனது?
2. எப்போது, எங்கே செய்தது?
3. இப்போது எந்த நிலையில் இருக்கிறது?
4. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதில் யார் கை வைத்தார்கள்?

ஒரு சொல் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், மற்ற மூன்றையும் தொடாது. "மின்ட்" என்பது நிலையைச் சொல்கிறது. பழையதா என்று சொல்லவில்லை. "ஆன்டிக்" என்பது வயதை, வழக்கமாக நூறு ஆண்டுக்கு மேல் என்பதை, சொல்கிறது. உடைந்து ஒட்டியதா என்று சொல்லவில்லை. விற்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி, வாங்குபவர் அதை நான்குக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சண்டை வருகிறது.

## பொருள்: தலையை வைத்தே பெயர்

பொம்மைக்குப் பெயர் வைப்பது தலையின் பொருளைக் கொண்டு. "பிஸ்க் பொம்மை" என்றால் முழுப் பொம்மையும் பிஸ்க் என்று அர்த்தமில்லை. தலை பிஸ்க்காக இருக்கும், உடம்பு தோல் பையில் மரத்தூள் அடைத்ததாகவோ காம்போசிஷனாகவோ இருக்கும்.

பிஸ்க். வெள்ளைக் களிமண் கலந்த கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, சூளையில் சுட்டு, முகத்துக்கு நிறம் தீட்டி, மறுபடி குறைந்த சூட்டில் சுட்டு எடுப்பது. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. அதனால்தான் முகம் பளபளக்காமல் மனிதத் தோல் போல மென்மையாகத் தெரிகிறது. நிறம் சூட்டில் ஏறியது, ஈரத்துணி பட்டால் போகாது. கண்ணாடிப் பூச்சு இருந்தால் அதன் பெயர் "சைனா". தோல் நிறம் ஏற்றாமல் வெள்ளையாக விட்டது "பேரியன்". ஒருமுறை சுட்டுவிட்டு மேலே சாதாரண வண்ணம் அடித்தது "பெயின்டட் பிஸ்க்". இதைக் கழுவினால் முகமே போய்விடும். விளம்பரத்தில் அந்த ஒரு சொல் விடுபட்டால் விலை பெரிதும் மாறும்.

பழைய பிஸ்க் தலைகளில் மிகுதி ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியிலிருந்து வந்தவை. ஆர்மாண்ட் மார்சேய், சைமன் அண்ட் ஹால்பிக், கெஸ்ட்னர் ஆகியவை அங்கே பெரிய பெயர்கள். பிரான்சில் ஜுமோ, ப்ரூ. ஜெர்மன் போட்டியைத் தாங்க முடியாமல் பிரெஞ்சுக் கம்பெனிகள் பல 1899-இல் ஒன்றுசேர்ந்து எஸ்.எஃப்.பி.ஜே. என்ற கூட்டு நிறுவனமாயின. கழுத்தில் அந்த நான்கு எழுத்து இருந்தால் 1899-க்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

"போர்சலின் பொம்மை". நம் வீடுகளில் அதிகம் அகப்படுவது இதுதான், அதிக ஏமாற்றம் தருவதும் இதுதான். 1980-களிலும் 1990-களிலும் அலங்காரத்துக்கென்றே செய்து, சரிகை கவுன் போட்டு, ஸ்டாண்டும் சான்றிதழும் சேர்த்து விற்ற பொம்மைகள் இவை. பொருள் என்ற அளவில் இவையும் பிஸ்க்தான். ஆனால் நூறாண்டுப் பொம்மையோடு இவற்றுக்கு வேறு தொடர்பில்லை. பெருமளவில் செய்தார்கள், வாங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள், அதனால் இன்று சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சான்றிதழ் இருப்பதாலேயே விலை ஏறாது. எல்லோரிடமும் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. அம்மா ஆசையாக வாங்கி வைத்ததற்கு இப்படி ஒரு பதிலைச் சொல்வது வருத்தம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காம்போசிஷன். சுருக்கமாக "காம்போ". மரத்தூளும் பசையும் கலந்து அச்சில் அழுத்தி, மேலே வண்ணம் பூசியது. நவராத்திரிக் கொலுவில் காகிதக்கூழ் பொம்மையைக் கையாண்டவருக்கு இதன் குணம் புரியும்: எடை குறைவு, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது, ஆனால் ஈரம்தான் எமன். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் கூழ் உப்பிச் சுருங்கும், மேல்வண்ணம் கூடவே அசையாமல் வலைபோல வெடிக்கும். அந்த வெடிப்புக்கு "கிரேசிங்" என்று பெயர். டர்பனின் ஈரக்காற்றில் பல ஆண்டு இருந்த பொம்மையை ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால் கிரேசிங் சீக்கிரம் கூடும்.

செல்லுலாய்ட். நைட்ரோ செல்லுலோஸ் என்ற பழைய பிளாஸ்டிக். இலேசானது, அழுத்தினால் நசுங்கும், தீப்பட்டால் மளமளவென்று எரியும். ஆமைச் சின்னம் பதித்த ஜெர்மன் செல்லுலாய்ட் பொம்மைகள் பெயர் பெற்றவை. இவற்றை விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஹார்ட் பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. இந்த நாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு, ஏனென்றால் பிரிட்டனில் பெடிகிரி பொம்மைகளைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் குழுமம் டர்பனிலும் தொழில் நடத்தியது. அந்தக் காலத்துப் பொம்மைகளில் சில செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளால் ஆனவை. அது சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும், உடம்பு வளையும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். சேர்ப்பவர்கள் இதை "ஹார்ட் பிளாஸ்டிக் டிசீஸ்" என்பார்கள். வாடை வந்த பொம்மையை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளி வைக்க வேண்டும். அதன் ஆசிட் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

வினைல். 1950-களிலிருந்து இன்று வரை. பி.வி.சி.யை மென்மையாக்க ஒரு எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக அது வெளியே கசியும். "ஸ்டிக்கி லெக்ஸ்" என்று விளம்பரத்தில் வருவது இதைத்தான். அழுக்கு அல்ல, கழுவினாலும் திரும்ப வரும்.

ரெசின். பாலியூரிதேன் ரெசின். வெயில் பட்டால் மஞ்சளாகும்.

## எண்களும் ஆண்டுகளும்

பொம்மையின் கழுத்திலோ முதுகிலோ எண் இருந்தால் உடனே அதை ஆண்டாகப் படிக்கத் தோன்றும். அங்கே இருக்கக்கூடியவை மூன்று வகை.

1. அச்சு எண். "ஏ.எம். 390" என்பதில் ஏ.எம். ஆர்மாண்ட் மார்சேய், 390 அந்த முகத்தின் அச்சு எண். சைமன் அண்ட் ஹால்பிக்கின் 1079-ம் இப்படித்தான். 390-ஐ மிகப் பரவலான தலை என்றே சொல்லலாம், பல பத்தாண்டுகள் வார்த்தார்கள். பக்கத்தில் தனியாக ஒரு சின்ன எண்ணோ பின்னமோ இருந்தால் அது அளவு எண்.

2. பதிப்புரிமை (©) ஆண்டு. பார்பிக் குழப்பம் எல்லாம் இதிலிருந்து வருகிறது. மாட்டெல் நிறுவனம் பார்பியை முதலில் காட்டியது 1959 மார்ச் 9-ஆம் தேதி, நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில். அந்த முதல் பொம்மையின் உடம்பிலேயே ரோமன் எண்ணில் 1958 என்றுதான் இருக்கிறது. இடுப்பு திரும்பும் உடம்பு 1967-இல் வந்தது. அதற்கு 1966 என்று பதிப்புரிமை ஆண்டு பதித்தார்கள், அந்த முத்திரை 1990-களின் பொம்மைகள் வரை தொடர்ந்தது. தலையின் உள்விளிம்பில் 1976 என்றும் இருக்கலாம். அது "சூப்பர்ஸ்டார்" முக அச்சின் ஆண்டு. ஆக, ஒரே பொம்மையில் 1966-ம் 1976-ம் இருந்து, அதைச் செய்தது 1991 ஆக இருக்கலாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலோர் முதுகைப் படித்து அப்படியே எழுதுகிறார்கள்.

3. நாட்டின் பெயர். ஆண்டைவிட இது நல்ல சாட்சி. அமெரிக்கா 1890-இல் போட்ட இறக்குமதி வரிச் சட்டப்படி 1891 முதல் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதனால் "ஜெர்மனி" என்று பதித்த தலை பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. பெயர் இல்லாவிட்டால் அதற்கு முந்தியது என்று தலைகீழாக வாதிடக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் பதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, நம் துறைமுகத்துக்கு வந்ததும் அப்படிப்பட்ட சரக்காக இருக்கலாம். "ஆக்குபைட் ஜப்பான்" என்று இருந்தால் போருக்குப் பின், 1952-க்குள். பார்பியில் "ஜப்பான்" இருந்தால் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று இருந்தால் முதுகில் 1966 இருந்தாலும் பின்னாளையது.

"வின்டேஜ்" என்ற சொல்லுக்கு மட்டும் நிலையான எல்லை இல்லை. பார்பி சேர்ப்பவர்கள் பெரும்பாலும் 1959 முதல் 1966 வரை உள்ளதை வின்டேஜ் என்றும், 1967-இலிருந்து 1970-களின் தொடக்கம் வரை "மாட்" என்றும் பிரிப்பார்கள். பொதுச் சந்தையில் இருபது வருடம் பழையது எதுவும் வின்டேஜ்தான். கேட்டுக்கொள்வதே வழி.

## உறுப்புச் சொற்கள், சுருக்கமாக

சாக்கெட் ஹெட் என்றால் கழுத்து உடம்பின் குழிக்குள் உட்கார்ந்து திரும்பும். ஷோல்டர் ஹெட் என்றால் தலையும் தோளும் ஒரே துண்டு. ஸ்லீப் ஐஸ் படுக்க வைத்தால் மூடும், ஃப்ளர்ட்டி ஐஸ் பக்கவாட்டில் நகரும், இன்டாக்ளியோ கண்கள் குழித்துச் செதுக்கி வண்ணம் தீட்டியவை. பழைய பிஸ்க்கில் மூடிய வாய் உள்ளவை பொதுவாகக் கூடுதல் விலை பெறும். பல் தெரியும் திறந்த வாய்ப் பொம்மைகள் எண்ணிக்கையில் அதிகம்.

"பால்-ஜாயின்டட்" என்ற சொல்லை மட்டும் நிறுத்திப் படிக்க வேண்டும். ஜெர்மன் ஆன்டிக் விளம்பரத்தில் அது முழங்கையிலும் முழங்காலிலும் உருண்டை வைத்த காம்போ உடம்பு. இன்றைய இளைஞர்கள் சொல்லும் "பி.ஜே.டி." (பால்-ஜாயின்டட் டால்) அது அல்ல, ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபியிலிருந்து பெருகிய ரெசின் பொம்மைகள். இரண்டும் எலாஸ்டிக் கயிற்றால் கோத்தவை என்பதைத் தவிர விலையும் வயதும் ரசிகர் கூட்டமும் வேறு வேறு.

## பெட்டி நன்றாக இருந்தால் பொம்மையும் நன்றாக இருக்குமா?

"என்.ஆர்.எஃப்.பி." என்றால் பெட்டியிலிருந்து ஒருபோதும் எடுக்காதது. "எம்.ஐ.பி." என்றால் பெட்டியோடு புதிது போல் இருப்பது, எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கலாம். வேறு பொம்மையின் பெட்டியாகவும் இருக்கலாம். "டீபாக்ஸ்ட்" என்றால் வெளியே எடுத்தது.

என்.ஆர்.எஃப்.பி.க்குச் சந்தை கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. அந்தச் சொல் பெட்டியின் வரலாற்றைச் சொல்கிறது, பொம்மையின் உடல்நலத்தைச் சொல்லவில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் வினைலில் கசிவு நிற்காது. பொம்மையைக் கட்டி வைத்த ரப்பர் பேண்ட் உருகித் தோலில் கறை போடும், கறுப்பு உடையின் சாயம் காலில் ஏறும். 1960-களின் பார்பிகளில் காதணியின் உலோகம் வினைலோடு வினைபுரிந்து காதைச் சுற்றிப் பச்சையாக்கும். இதற்கு "கிரீன் இயர்" என்றே பெயர். பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்ற பயத்தில் எவரும் காதணியைக் கழற்றியிருக்க மாட்டார்கள். கடலோர ஊரில் ஏசி இல்லாத அறையில் முப்பது வருடம் அடைபட்ட பெட்டியைவிட, திறந்து துடைத்துப் பார்த்துக்கொண்ட பொம்மை நலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிஸ்க் தலையில் தேட வேண்டிய சொற்கள் இரண்டு. "ஹேர்லைன்" என்பது மயிரிழை விரிசல்; தலைக்குள் சின்ன டார்ச்சைப் பிடித்தால் வெளிச்சக் கோடாகத் தெரியும். "ரீஸ்டோர்ட்" என்பது விரிசலை நிரப்பி மேலே வண்ணம் அடித்தது. சாதாரண வெளிச்சத்தில் தப்பிவிடும், புற ஊதா விளக்கின் கீழ் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறம் காட்டும்.

## பிறகு கை வைத்தவர் யார்?

இங்கேதான் நல்ல எண்ணமும் ஏமாற்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ரீபெயின்ட், ஃபேஸ்-அப் இரண்டும் முகத்தை மறுபடி வரைவது. ரீரூட் என்பது பழைய தலைமுடியைப் பிடுங்கிப் புதிதாக நடுவது. இவற்றைச் செய்த பொம்மைக்கு "ஓ.ஓ.ஏ.கே." என்று பெயர் போடுவார்கள், உலகில் இது ஒன்றே ஒன்று என்று அர்த்தம். கைதேர்ந்த கலைஞர் செய்தால் மதிப்பு ஏறும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைத் தேடுபவருக்கு அதே சொல் "வாங்காதே" என்ற எச்சரிக்கை. சொல் ஒன்றுதான், இரண்டு வாசகர்கள்.

பெரிய தலையும் நிறம் மாறும் கண்களும் கொண்ட பிளைத் பொம்மையில் கூடுதலாக ஒரு கேள்வி: எந்த நிறுவனம் செய்தது? "கென்னர்" என்றால் அமெரிக்காவில் 1972-இல் வந்த மூலப் பொம்மை. "டகாரா" என்றால் 2001-இலிருந்து ஜப்பானில் திரும்ப வந்தது. "ஃபேக்டரி பிளைத்" என்று நல்ல பெயர் போலத் தோன்றுவது, உரிமம் இல்லாமல் செய்த நகல். ரெசின் உலகில் இதற்குச் சமமான சொல் "ரீகாஸ்ட்": ஒரு கலைஞரின் பொம்மையை வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து வார்த்து விற்பது. வாங்குபவர்கள் மலிவு என்று பார்க்கிறார்கள். சிற்பிக்கு ஒரு காசும் போவதில்லை.

பழைய பிஸ்க்கில் "ரெப்ரோ" என்பது மறுவார்ப்பு. நேர்மையாகச் செய்தவர் கழுத்தில் தன் பெயரையும் ஆண்டையும் போடுவார். போடாவிட்டால் சிக்கல், ஏனென்றால் பழைய தலையிலிருந்து எடுத்த அச்சில் பழைய கம்பெனியின் எண்ணும் சேர்ந்தே விழுந்துவிடும். "ப்ரூ" என்று பதிந்திருப்பதே ப்ரூ என்பதற்குச் சாட்சி ஆகாது. அளவு காட்டிக்கொடுக்கும்: களிமண் சுடும்போது சுருங்குவதால், மறுவார்ப்புத் தலை அதன் அளவு எண்ணுக்கு இருக்கவேண்டியதைவிடச் சிறியதாக வரும். "மேரேஜ்" என்று யாராவது சொன்னால், தலை ஒரு பொம்மையுடையது, உடம்பு இன்னொன்றுடையது. "ரீபார்ன்" என்பது நகல் அல்ல. வினைல் குழந்தைப் பொம்மையைப் பல அடுக்கு வண்ணம் தீட்டி, மயிரிழை ஒவ்வொன்றாய் நட்டு, உயிருள்ள குழந்தைபோல ஆக்கும் கைவேலை.

## இந்த நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியவை

மாட்டெல் 1967-இல் வெளியிட்ட ஒரு பொம்மையின் பெட்டிப் பெயர் "கலர்ட் ஃபிரான்சி". அமெரிக்காவில் அந்த நாளில் அந்தச் சொல் கறுப்பினத்தவரைக் குறித்தது. தென்னாப்பிரிக்காவில் "கலர்ட்" தனிச் சமூகத்தின் பெயர். விளம்பரத்தில் பார்ப்பவர்கள் கேப் டவுன் தொடர்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டு கிறிஸ்டி என்ற கறுப்புப் பொம்மை வந்தது. பார்பி என்ற பெயரிலேயே கறுப்புப் பொம்மை வந்தது 1980-இல்தான். பழைய ஜெர்மன் பிஸ்க்கிலும் பழுப்பு, கறுப்பு நிறத் தலைகள் உண்டு. "கோலிவாக்" என்பதை இவற்றோடு சேர்த்து அடுக்கும் விற்பனையாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது 1895-இல் ஒரு படக்கதையில் பிறந்த கேலி உருவம். நிறவெறியை அனுபவித்த நாட்டில் இரண்டையும் ஒரே தலைப்பில் விற்பது சரியில்லை.

மணி கோத்த இண்டபெலே, ஜுலு பொம்மைகளுக்கு எல்லாம் "ஃபெர்ட்டிலிட்டி டால்" என்று சீட்டு ஒட்டுகிறார்கள். சில அந்தச் சடங்கைச் சேர்ந்தவை; பல விளையாட்டுக்கோ சுற்றுலாப் பயணிக்கோ செய்தவை. இங்கே தேட வேண்டிய சொல் "ப்ராவனன்ஸ்", அதாவது யார் செய்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்.

நம் வீட்டு இந்தியப் பொம்மைகளுக்கும் அந்தத் தொடர் வேண்டும். இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. தூதரக உறவு திரும்பியது 1993-இல். ஆகவே "1970-இல் டர்பன் கடையில் வாங்கிய தஞ்சாவூர்ப் பொம்மை" என்று கதை வந்தால், எந்த வழியாக வந்தது என்று கேட்பது நியாயம். ஊருக்குப் போனவர் பையில் வந்திருக்கலாம், வேறு நாடு சுற்றி வந்திருக்கலாம். இன்று மரப்பாச்சி வாங்கிவர நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அசல் மரப்பாச்சி செம்மரம். அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவிலிருந்து எடுத்து வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வேறு மரத்தில் செய்ததும் அதே பெயரில் விற்கிறது, ரசீதில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

## பணம் கொடுக்கும் முன்

1. விலைச் சொல் எது? கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத்தில் "எஸ்டிமேட்" முன்மதிப்பு, "ஹேமர் பிரைஸ்" சுத்தியல் விழுந்த தொகை. அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் எடுக்கும் கட்டணம் தனி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் அஞ்சல் செலவும் சேரும்.
2. தலையின் பின்பக்கம், கழுத்தின் முத்திரை, முதுகு, பாதம் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். முகப் படம் மட்டும் அனுப்புபவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.
3. "ஒரிஜினல்" என்றால் எது ஒரிஜினல்? விக், கண், உடை, செருப்பு, உடம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.
4. விற்கும் பக்கத்தில் நீங்கள் இருந்தால், விலை தெரியும் வரை கழுவாதீர்கள், தலை சீவாதீர்கள், உடையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். மணிக்கட்டில் தொங்கும் காகிதச் சீட்டு, உடைந்த சீப்பு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அதே பையில் வைத்திருங்கள்.